சுவருக்குப் பின்னால் இரண்டு தட்டு

காலை பதினொரு மணிக்கு நெவெங்காவின் சமையலறைச் சுவருக்குள் யாரோ இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

அந்தப் பாலைவன ஊரில் வெயிலுக்குப் பயந்து பாறையைக் குடைந்துதான் எல்லாரும் குடியிருந்தார்கள். விளக்கை அணைத்தால் நடுப்பகலும் கும்மிருட்டுதான், கண்ணுகளா. கல்லின் ஈரக் குளிர்ச்சி, கொதிக்கும் காபியின் வாசம், காற்றுக்குழாய் வழியே இறங்கும் செம்மண் தூசி எல்லாம் முப்பது வருடமாக அவளுக்குப் பழக்கம். இந்தச் சத்தமும் பழக்கமானதுதான், அதுதான் அவளை உலுக்கியது. ஓப்பல் என்ற ரத்தினக் கல் எடுக்கும் குழியில் கீழே தோண்டுகிறவன் வாளியை இரண்டு முறை தட்டினால், மேலே நிற்பவன் கயிற்றைச் சுற்றி அவனைத் தூக்க வேண்டும்.

அந்நாளில் கீழே தோண்டியவன் அவளுடைய தம்பி தோமோ. மேலே நின்றவன் கணவன் மிர்கோ. ஒருநாள் நல்ல கல் சிக்கியது; அத்தனையையும் சுருட்டிக்கொண்டு உன் தம்பி பஸ் ஏறிவிட்டான் என்று மிர்கோ வந்து சொன்னான். அவள் தம்பியின் படத்தை அடுப்பில் போட்டாள். மறுவருடம் மிர்கோவுக்கு வேறெங்கோ அதிர்ஷ்டம் அடித்தது. பழைய குழியை மூடி, அதை ஒட்டியே இந்த வீட்டைக் குடைந்தான்.

மறுபடி இரண்டு தட்டு.

"மிர்கோ, கேக்குதா?"

"குழாய்ல காத்துடி. காது மட்டும் இன்னும் குமரின்னு நெனப்பு உனக்கு." ரேடியோவைக் கூட்டி வைத்தான். காபி மேசையில் சிந்தியது.

ஊருக்குள் சுரங்கம் தோண்ட இப்போது தடை, ஆனால் வீட்டை அகலப்படுத்தலாம். அதனால் கல்லாசை பிடித்தவர்கள் அறைக்கு மேல் அறை குடைவார்கள், ஒற்றை ஆளுக்கு ஆறு படுக்கையறையா என்று கடைத்தெரு சிரிக்கும். மிர்கோ மட்டும் இந்தச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க விட்டதில்லை.

அவன் ரொட்டி வாங்கப் போனதும் அவள் கடப்பாரையை எடுத்தாள். ஐந்தாவது குத்தில் சுவர் உள்வாங்கியது. துருவும் மக்கிய துணியும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. டார்ச்சுடன் தவழ்ந்து உள்ளே போனாள்.

பூட்ஸ். சிறு வயதில் அவள் சொல்லிக்கொடுத்த இரட்டை முடிச்சு. பக்கத்தில் வாளி. தட்டித் தட்டி அதன் அடி கிழிந்திருந்தது.

எத்தனை நாள்?

"நீ ஓடிப்போகலையாடா."

பின்னால் கல் உரசியது. அவள் நுழைந்த துளையில் பாதியை அதற்குள் கல் அடைத்திருந்தது.

"அவனைத் தூக்கியிருந்தா பாதிப் பங்கு போயிருக்கும்," என்றான் மிர்கோ. குரலில் கோபமே இல்லை.

"நான் உன் பொண்டாட்டி, மிர்கோ."

"அவன் என் மச்சான்."

இன்னொரு கல். சிமெண்டுக் கரண்டியின் உரசல். ரேடியோ தூரமானது. டார்ச் மஞ்சளானது. அணைந்தது.

இருட்டில் வாளியைத் தடவி எடுத்தாள். தட்டுவதற்கு ஒரு கல் தேடிக் கையை நீட்டினாள்.

கல் அவள் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

காய்ந்த விரல்கள் அவள் விரல்களை அதன்மேல் மெல்ல மடக்கின. அழுத்தின.

இரண்டு முறை.