உப்புக் குவியலில் காவி அம்பு

தாண்டவராயன் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது தலைகீழாக இருந்தான். அவள் நேராகத்தான் நின்றாள்.

கப்பி ரோடு உப்பளத்துக் கரையில் சட்டென்று வலப்பக்கம் திரும்பி, பிறகு நேராகப் போகிறது. சைக்கிளின் முன் சக்கரம் திரும்பியது. அவன் திரும்பவில்லை. கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் முகம் பதிய விழுந்து, கால்களுக்கு இடையே தெரிந்த உலகத்தைப் பார்த்தபோது, அங்கே இரண்டு கண்கள் இருந்தன…

மை தீட்டாமலே கறுத்த கண்கள். வெள்ளை வெயிலில் வேலை செய்து செய்து, எப்போதும் கொஞ்சம் இடுங்கியே இருப்பவை. சிரிக்கின்றனவா, கூசுகின்றனவா என்று சொல்ல முடியாது. கவிதை எழுதத் தெரிந்தவனாக இருந்தால் அந்த நேரத்தில் ஏதாவது தோன்றியிருக்கும். தாண்டவராயன் பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. வெறுமனே இருமினான்.

"பாத்தியில வுழுந்திருக்கீங்க. எழுந்திருங்க. உப்பு வெளையற எடம்" என்றாள் அவள்.

"அடி பட்டுச்சானு கேக்க மாட்டீங்களா?"

"இது உப்புத் தண்ணிங்க… அடி பட்டிருந்தா இந்நேரம் நீங்களே கத்தியிருப்பீங்க."

முழங்கால் சிராய்ந்துதான் இருந்தது. உப்பு அதைக் கண்டுபிடித்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு பெண் எதிரில் நிற்கும்போது கத்துவதில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்ததால், கண்ணில் மட்டும் நீர் விட்டபடி மரியாதையாக எழுந்து நின்றான்.

அவள் பெயர் செண்பகம். அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த விருத்தாசலத்தின் மகள். இதெல்லாம் அவன் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஹேண்டில்பாரில் தொங்கும் டப்பாவில் என்ன?

அதற்கு அவன் நீளமாகப் பதில் சொன்னான். திண்டிவனத்தில் அவர்கள் தெரு இளைஞர் மன்றம் சுதந்திர தினத்துக்கு சைக்கிள் போட்டி நடத்துகிறது. மரக்காணம் ரோட்டில் வந்து, கப்பி ரோட்டில் இறங்கி, கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். போட்டிக்காரர்கள் வழி தவறாமல் இருக்கத் திருப்பத்துக்குத் திருப்பம் அம்புக்குறி போடும் பொறுப்பு இவனுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மன்றத் தலைவர் ராஜாமணி இவனைத் தேர்ந்தெடுத்தார். சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று யாரும் விசாரிக்கவில்லை. தலைவர் சுண்ணாம்பில் போடச் சொன்னார். உப்பளத்தில் வெள்ளை எப்படித் தெரியும் என்று இவனாகவே யோசித்துக் காவி வாங்கி வந்திருந்தான். வாழ்க்கையில் அவன் சொந்தமாக யோசித்துச் செய்த காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

செண்பகம் பொறுமையாகக் கேட்டாள்.

"அவ்ளோ தூரம் சுத்திட்டு, திரும்ப பொறப்பட்ட எடத்துக்கே வருவீங்களா?"

"ஆமா."

"அதுக்கு அங்கியே இருந்துக்கலாமே."

அதற்குப் பதில் மன்ற விதிமுறைகளில் இல்லை.

அந்த இடம் அப்படி… கடல் அங்கே கடல் மாதிரி நடந்துகொள்வதில்லை. மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு, சத்தம் போடாமல், விருந்துக்கு வந்த சொந்தக்காரர் கொல்லைப்பக்கமாக நுழைவதைப் போல உள்ளே வரும். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று எதையோ மறக்கப் பார்க்கும். தாழம்புதருக்கும் பனைவரிசைக்கும் நடுவே கப்பி ரோடு சிவப்பாக, மெதுவாக, அவசரமே இல்லாமல் போகும். சைக்கிள் விடுவதற்கென்றே கடவுள் செய்த ரோடு. கப்பியை மட்டும் பொதுப்பணித் துறையிடம் விட்டுவிட்டார்.

அடுத்தடுத்த நாள்களில் தாண்டவராயன் அந்த ரோட்டை மிகவும் கவனமாகச் சோதித்தான். முக்கியமாக விருத்தாசலத்தின் உப்பளத்துக்கு அருகே உள்ள பகுதியை. போன ஒவ்வொரு தடவையும் செண்பகம் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். போன ஒவ்வொரு தடவையும் இவன் தண்ணீர் கேட்டான். "காலேஜில தண்ணி குடுக்க மாட்டாங்களா?" என்பாள். கொடுப்பாள். சொம்பைத் திரும்ப வாங்கும்போது விரல் படாமல் வாங்கப் பழகியிருந்தாள்… பழகியதை இவன் கவனித்திருந்தான்.

ஒருவனுக்குக் காதல் வந்துவிட்டது என்பதைப் பல அறிகுறிகளால் தெரிந்துகொள்ளலாம். இவன் விஷயத்தில் ரோடு கோணலானது. கப்பி ரோட்டிலேயே நேராகப் போக வேண்டிய போட்டிப் பாதை, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு சாயங்காலம், யாரும் இல்லாத நேரத்தில், விருத்தாசலத்தின் வரப்புப் பக்கம் வளைந்தது. சுதந்திர தினத்தன்று அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஊர்ப் பையன்கள் எல்லாம் அவள் முன்னால் போக, கடைசியில் இவன் மன்றத்துப் பேட்ஜ் குத்திக்கொண்டு, தலை மேலே கால் கீழே என்கிற முறையான நிலையில் வந்து நிற்க வேண்டும்… திட்டம் அவ்வளவுதான். அம்பு போட அங்கே மரம் இல்லை, கல் இல்லை. இருந்தவை உப்புக் குவியல்கள். வெள்ளையில் காவி பளிச்சென்று தெரிந்தது. தள்ளி நின்று பார்த்துத் தன் கையெழுத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

போட்டிக்கு முந்தின நாள் வழியைச் சரிபார்க்க வந்தபோது செண்பகம் கரைமேல் நின்றிருந்தாள். பலகை கையில் இல்லை.

"கையக் காட்டு" என்றாள்.

'ங்க' போயிருந்தது. காட்டினான். நகக்கண்ணில் காவி.

விருத்தாசலம் கொட்டாய்க்குள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள்தான் சொன்னாள், குரலே உயராமல். அந்தப் பக்கத்து உப்பளங்களில் ஒரு குவியலை விலை பேசி முடித்ததும், வாங்கியவரின் ஆள் அதன்மேல் காவிக்குறி போட்டுவிட்டுப் போவான். குறி விழுந்த குவியல் வேறொருவர் சொத்து. அதை இன்னொரு தரகர் கேட்கவும் மாட்டார், ஏன் விற்றாய் என்று விசாரிக்கவும் மாட்டார். விசாரிப்பது அவமரியாதை. இன்று விடிந்தும் விடியாமலும் தரகர் வெங்கடாசலம் லாரியோடும் தூக்குகிற ஆள்களோடும் வந்தார். எல்லாக் குவியலிலும் குறியைப் பார்த்தார். தனக்குச் சொன்ன சொல்லை மீறி விற்றுவிட்டார்கள் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த உப்பளத்துக்குப் போய்விட்டார். அப்பா பின்னாலேயே ஓடி விளக்கம் சொல்வதற்குள் லாரி நிறைந்துவிட்டது. இனி அடுத்த வாரம்தான்.

வடமேற்கில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

மற்ற இடங்களில் மழை வந்தால் குடைக்குள் இரண்டு பேர் வருவார்கள், தோள் உரசும், பிறகு நடக்க வேண்டியது நடக்கும். உப்பளத்தில் மழை வந்தால் உப்பு கரையும். தை மாதத்திலிருந்து அப்பனும் மகளும் வெயிலில் நின்று வாரிச் சேர்த்தது எல்லாம் அந்தக் குவியல்கள்தான். வேறு எதுவும் இல்லை. ஒரு ராத்திரி மழை போதும்.

தாண்டவராயனுக்கு முழங்கால் எரிந்தது. அந்தக் காயம் ஆறிப் பல நாளாகியிருந்தது.

"ரோடு நேராத்தானே போவுது. இங்க இன்னாத்துக்கு வளைச்சே?" என்றாள்.

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. உள்ளே விருத்தாசலம் இருந்தார். அவன் மூன்றாம் ஆண்டு மாணவன், மன்றத்துச் செயற்குழு உறுப்பினன், பேட்ஜ் வைத்திருப்பவன்…

"போட்டி கொஞ்சம் கஷ்டமா இருக்கணும்னு…"

அவள் அவனையே பார்த்தாள். கண் இடுங்கவில்லை. "கஷ்டமாத்தான் இருக்குது" என்றாள்.

மன்றத்துப் பையன்களைக் கூட்டி வந்து எல்லாவற்றையும் மெயின்ரோட்டில் உள்ள உப்பு உற்பத்தியாளர் சங்கக் கிடங்குக்குத் தூக்கித் தருவதாக அவன் சொல்லிப் பார்த்தான். அவள் வேண்டாம் என்றாள். பாவம் பார்த்து ஓசியில் தூக்கித் தர வருபவர்களுக்கு எதிரில் அப்பா நிற்க மாட்டார், தானும் நிற்கப் போவதில்லை என்றாள். பேச்சு முடிந்ததும் சொம்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

அன்றைக்கு மழை வரவில்லை. இடி மட்டும் இடித்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை கொடியேற்றம் முடிந்து, மிட்டாய் கொடுத்து, ராஜாமணி போட்டி விதிகளைப் படிக்க மைக்கை நெருங்கும்போது தாண்டவராயன் மைக்கை வாங்கிக்கொண்டான். இந்த ஆண்டின் புதுமை என்று அறிவித்தான். வேகமாக ஓட்டுவது யாருக்கும் வரும். பாரத்தோடு ஓட்டுகிறவனே வீரன். கழிமுகத்தை அடைந்ததும் ஒவ்வொரு போட்டியாளரும் கேரியரில் ஒரு மூட்டை உப்பு ஏற்றி, மெயின்ரோட்டுக் கிடங்கில் இறக்க வேண்டும். எத்தனை நடை அடிக்கிறார்களோ அத்தனை மதிப்பெண். ராஜாமணியின் முகம் காவியானது. ஆனால் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெரியவர் அதற்குள் கை தட்டிவிட்டார். சிறப்பு விருந்தினர் கை தட்டியதை ரத்து செய்யும் அதிகாரம் எந்த மன்றத் தலைவருக்கும் கிடையாது.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தபோது கப்பி ரோடு முழுக்க சைக்கிள். முன்னால் தாண்டவராயன், மூச்சு வாங்க.

"இன்னா இது?"

"ஓசி இல்லீங்க. போட்டிக்கு மூட்டை வேணும். நீங்க குடுக்கலேன்னா போட்டியே நடக்காது… எங்களுக்குத்தான் அசிங்கம்."

விருத்தாசலம் வெளியே வந்தார். வானத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலிச் சாக்குகளை உதறினார். அவர் சம்மதம் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு நடந்ததைப் போட்டி என்று சொல்ல முடியாது. கல்லூரி வாலிபர்கள் முதல் வளைவிலேயே மூட்டையோடு சாய்ந்தார்கள். கியர் வைத்த சைக்கிளோடு வந்திருந்த ஒருவர் கேரியர் இல்லாததால் தகுதி இழந்தார். போட்டிக்கு வந்திருந்த பால்காரர் பூமாலை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய சீட்டியோடு, கறவை மாட்டை ஓட்டிப்போகிறவர் மாதிரி போய்ப் போய் வந்தார். போட்டி என்று ஒன்று நடப்பதே அவருக்கு நான்காவது நடையில்தான் நினைவு வந்தது போலிருந்தது. செண்பகம் சாக்கில் உப்பை வார, தாண்டவராயன் அதன் வாயைக் கட்டினான். ஒரு தடவை அவன் முடிச்சு அவிழ்ந்தபோது அவள் குனிந்து அதை மறுபடி கட்டினாள். அவள் கட்டியது அவிழவில்லை.

மத்தியானத்துக்குமேல் காற்று நின்றது. பூநாரைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. பிறகு மழை…

ஒரு குவியல் மிச்சம் இருந்தது. விருத்தாசலம் ஓலையை இழுத்து மூட ஓடினார், பாதிதான் மூட முடிந்தது. பூமாலை கடைசி மூட்டையோடு மழைக்கு முன்னால் மிதித்துப் போய்விட்டார். மற்றவர்கள் மெயின்ரோட்டை நோக்கிப் பறந்தார்கள். கொட்டாயின் தாழ்வாரத்தில் செண்பகமும் தாண்டவராயனும் நின்றார்கள். ஓலைக்கு வெளியே குவியலின் ஒரு பக்கம் கரைந்து, அம்பு கரைந்து, செக்கச்செவேலென்று ஒரு சிறு ஓடை வரப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தில் மழைத்துளி நின்றது.

"போட்டி கஷ்டமா இருக்கணும்னு வளைக்கல" என்றான் அவன்.

அவள் திரும்பவில்லை.

"நேராத்தான் போடணும்னு வந்தேன். நீங்க இருக்கிற பக்கமா கை தானா போயிடுச்சு… உங்கள பாத்ததுலேர்ந்து எனக்கு எந்த ரோடும் நேரா தெரியல. இத நேத்தே சொல்லியிருக்கணும். உங்க அப்பா உள்ள இருந்தாரு, பயமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"அம்பெல்லாம் எங்க கொட்டாயத்தான் காட்டிக்கினு இருந்துது. ரோட்டக் காட்டற அம்பு ஒண்ணு இருந்துதா? அப்பாவுக்குக்கூட தெரியும்."

தாண்டவராயன் மழைக்குள் பார்த்தான். விருத்தாசலம் ஓலைமேல் கல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாக் கல்லையும் வைத்து முடித்த பிறகும், நனைந்துகொண்டே, வைத்த கல்லையே எடுத்து மறுபடி வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீ இன்னா வேலை பாக்கறேன்னு அப்பா கேப்பாரு" என்றாள் செண்பகம்.

"வேலை இன்னும் இல்ல… இன்னும் ஒரு பரீட்சை இருக்கு."

"அப்ப வேலை கெடச்சதும் பெரியவங்கள கூட்டினு வந்து கேளு."

"அதுவரைக்கும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. முந்தானைக்குள் இருந்துதான் பதில் வந்தது.

"அதுவரைக்கும்… சும்மா வா."