அதே இடத்தில் உடையும் பாட்டு

போத்தனூர் அடுக்ககத்தில் காலையில் எழுந்ததும் யாரும் யாரோடும் பேசுவதில்லை. பல் துலக்கி, முகம் கழுவி, இதமியைத் துடைத்துக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். கடைக்காரர்கள் இன்னமும் அதை ஸ்மூத்தர் என்பார்கள். அதற்குப் பிறகுதான் "போட்டாச்சுங்களா?" என்ற விசாரிப்பு. வெறுங்காதோடு ஒருவரிடம் பேசுவது, குளியலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பது மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து ஆதிரை தன் கணவன் துருவனிடம் வெறுங்காதோடு ஒரு சொல் பேசியதில்லை.

இதமி செய்வது சின்ன வேலைதான். வருகிற குரலில் இருக்கும் கரகரப்பையும் எரிச்சலையும் அழுகையையும் மழித்துவிட்டு மீதியைக் காதுக்குள் விடும். சொல் மாறாது, தொனிதான் மாறும். அது வந்தபிறகு ஊரில் சண்டையே குறைந்துபோனது. ஆதிரையும் துருவனும் சண்டை போட்டதே இல்லை. அதனால், சந்தேகம் என்று ஒன்று வந்தபோது அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் சாப்பாட்டில்தான் தொடங்கியது. தட்டில் பாதியை வைத்துவிட்டு வெளியில் சாப்பிட்டு வந்ததாகச் சொன்னான். யாரோடு என்று அவள் கேட்கவில்லை. பிறகு பேச்சு குறைந்தது. கேட்டதற்குத் தலையாட்டினான், இல்லாவிட்டால் சிரித்து மழுப்பினான். புதன்கிழமைகளில் தாமதமாக வந்து நூலகம் என்றான். வாயைத் திறந்தபோதெல்லாம் அதே பழைய வெண்ணெய்க் குரல். பொய் சொல்கிறவனுக்கு இவ்வளவு நல்ல குரல் எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் அந்தப் பாட்டு. ஞாயிறு மதியம் துருவன் பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வான். சற்று நேரத்தில் உள்ளே கிட்டார் கேட்கும், ஒரு பெண் ஆங்கிலத்தில் பாடுவாள். ரயில் போய்விட்டது, தூசி மட்டும் மிச்சம் என்கிற மாதிரி ஏதோ. பிசிறே இல்லாத, தேன் மாதிரியான குரல்.

சுவரில் இருக்கும் இசையூற்றுதான் பாடுகிறது என்று முதல் தடவை விட்டுவிட்டாள். மூன்றாவது ஞாயிறு, அடுப்படியில் நின்றபடி அவள் அடுத்த வரியைத் தன்னையறியாமல் முணுமுணுத்தாள். அறைக்குள்ளிருந்த பெண்ணும் அதே வரியை, அதே இழுப்போடு பாடினாள். ஆதிரை அடுப்பை அணைத்தாள்.

இசையூற்று ஒரு பாட்டை இரண்டு தரம் தராது. கேட்பவரின் நாடித்துடிப்பைப் பார்த்து அந்தந்த நிமிடத்தில் புதிதாக ஊறுவதுதான் பாட்டு. ஆதிரை பிறந்ததிலிருந்து அப்படித்தான். வாராவாரம் ஒன்று போலவே வருகிறது என்றால் அது பாட்டு இல்லை, ஆள். அறைக்குள் ஒருத்தி இருக்கிறாள், இல்லையென்றால் எங்கிருந்தோ இவனுக்காகவே பாடுகிறாள்.

அடுத்த ஞாயிறு, தாழ்ப்பாளின் திருகாணிகளை முன்கூட்டியே தளர்த்தி வைத்துவிட்டாள். குரல் எழும்பியதும் தோளால் ஒரு இடி, கதவு திறந்துகொண்டது.

உள்ளே துருவன் மட்டும்தான். அவன் முன்னால் தையல் மெஷின் மோட்டாரில் கட்டிய ஒரு சுழலி. அதன் மேல் ஒரு கறுப்புத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த அட்டையில், தொப்பி வைத்த மூன்று ஆண்களும் கிட்டாரோடு ஒரு பெண்ணும் சரக்கு ரயிலில் சாய்ந்து நின்றார்கள்.

"இவ யாருங்க?"

"செத்து அம்பது வருசமிருக்கும்" என்றான். பழைய ரயில்வே காலனியை இடித்தபோது பரணில் கிடைத்ததாம். அங்கே குடியிருந்த ஆங்கிலோ இந்தியர்கள் சேர்ந்து போட்ட கன்ட்ரி ராக் ஆல்பம். வினைல் தட்டு, கீறிவைத்தது கீறிவைத்தபடியே இருக்கும், எத்தனை தரம் போட்டாலும் மாறாது.

இதற்கா தாழ்ப்பாள்? அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வேறென்ன மறைக்கிறீர்கள் என்று கேட்டாள். துருவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். அவன் காதில் இதமி இல்லை. அவளையும் கழற்றச் சொன்னான். கூச்சமாக இருந்தாலும் கழற்றினாள்.

முள்ளை எடுத்து மறுபடி அதே பாட்டில் வைத்தான். பொரிகடலை வறுப்பதுபோல் ஒரு சத்தம், அதற்குள் அந்தப் பெண். தேன் எல்லாம் இல்லை. இரண்டாவது அடியில், ரயில் என்கிற சொல்லில், அவள் குரல் உடைந்தது. உடைந்ததைப் பொறுக்கிக்கொண்டு மேலே பாடினாள். அழுதிருக்கிறாள் என்று ஆதிரைக்குப் புரிந்தது.

"போட்டுட்டுக் கேட்டா உடையாது. கழட்டிட்டுக் கேட்டா, ஒவ்வொருக்காவும் அங்கயேதான் உடையும்" என்றான் துருவன். "கழட்டி வெச்சுட்டு நானும் கூடப் பாடினப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, அம்மணி."

ஆதிரை அவனையே பார்த்தாள். பேசியது அவன் உதடுகள்தான். குரல் யாருடையதோ, ரம்பத்தால் அறுத்தது போல, பாதி காற்றும் பாதி ஒலியுமாக இருந்தது.

தொண்டையில் கட்டி. புதன்கிழமைகளில் போனது மருத்துவமனைக்கு. விழுங்க முடியாமல்தான் சோற்றை மிச்சம் வைத்தான். குரல் கெட்டு ஒரு வருடமாவது ஆகியிருக்கும், வீட்டில் யாருமா கவனிக்கவில்லை என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். வருகிற வாரம் அறுவை சிகிச்சை. உயிர் பிழைக்கும், குரல் தங்காது.

"அப்புறமும் உனக்கு வித்தியாசம் தெரியாது. நான் வெறும் காத்துல முணுமுணுத்தாப் போதும், இதமி பழைய குரலையே குடுத்துருமாம். அதான் சொல்லலை."

ஒரு வருடம் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். இருமலைக்கூட அது மழித்திருக்கிறது. கண்டது பாதி, கேட்டது பொய், அதை வைத்துக்கொண்டு இவனோடு இல்லாத ஒருத்தியை முடிச்சுப் போட்டிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இதமியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"என் பேரைச் சொல்லுங்க" என்றாள். வெறுங்காதில் தன் குரலே அவளுக்குத் தடிப்பாகக் கேட்டது.

"ஆதிரை." நடுவில் உடைந்தது.

"இன்னொருக்கா."

அவன் சொன்னான். அதே இடத்தில் உடைந்தது. பாட்டு இல்லை, ஆள்தான்.