மாஸ்டர் விட்டுப்போன ஆம்ப்

கடைக்குள் கால் வைத்ததுமே மேதைக்கு மூக்கு சுளித்துக்கொண்டது. பழைய வாத்தியங்களை வாங்கி விற்கும் கடை அது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில், படியிறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஈரச் சுவரின் வாடை, தூசி, பழைய மரம், இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை. தலைவலிக்குத் தடவுகிற தைலம் மாதிரி இருந்தது.

மேதை என்பது அவனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். அவன் இல்லாத நேரத்தில் சொல்லிச் சிரிப்பதற்காக வைத்தது. எப்படியோ அது அவன் காதுக்கும் போய்விட்டது. அவனோ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். ஆளின் லட்சணம் அவ்வளவுதான். ஜாஸ் கிடார் வாசிப்பான், நன்றாகவே வாசிப்பான், அதை யாரும் மறுக்கமுடியாது. ஆனால் இந்த உலகத்தில் தன்னைத் தவிர வேறு எவருக்கும் காது என்று ஒன்று கிடையாது என்பது அவன் தீர்மானம்.

கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் அவனுடைய பழைய ஆம்ப் புகை விட்டுச் செத்துப்போயிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஓட்டல் மேனேஜர் முன்னால் வாசித்துக் காட்டவேண்டும். பிடித்தால் நிரந்தரமாக அங்கே வேலை. பிடிக்காவிட்டால், மனைவியின் அண்ணன் நடத்தும் டைல்ஸ் கடையில் போய் உட்காரவேண்டும். மனைவி சண்டை எதுவும் போடவில்லை. துணி மடித்துக்கொண்டே, "ஏங்க, இதுதான் கடைசி. அண்ணன்கிட்ட பேசி வெச்சிட்டேன்" என்றாள். பாத்ரூம் டைல்ஸைத் தட்டிக் காட்டி விற்கும் தன்னை நினைத்துப் பார்த்ததும் மேதை ஆம்ப் தேடக் கிளம்பிவிட்டான்.

கையில் இருந்த காசுக்கு ஆம்ப் தேடி எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கிவிட்டான். எதுவும் தேறவில்லை. ஒரு கடையில், குமிழைத் திருகினால் நூறு விதமான சத்தம் வரும் என்று காட்டினார்கள். "நூறு வருது சரி, அதுல ஒண்ணாவது உருப்படியா வருமா?" என்று கேட்டுவிட்டு வந்தான். இன்னொரு கடையில் கைக்கு அடக்கமான குட்டி ஆம்ப். "தகர டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. இதை வாங்குறவனுக்கு கிடார் எதுக்கு?" என்றான். பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்ட பெரிய ஆம்ப் ஒன்று அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும் அதுவும் மட்டமாகிவிட்டது. ஜாஸுக்கு வேண்டியது உடையாத, உறுமாத, உருண்டையான சத்தம். கம்பியில் விரல் தொட்டது மட்டும் கேட்கவேண்டும். இது கத்துகிற கூட்டத்துக்கு எங்கே புரியப்போகிறது என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே இந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருந்தான்.

கடைக்காரம்மா மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கினாள். அடியில் ஓர் ஆம்ப் இருந்தது. சாம்பல் நிறத் துணி முகப்பு, உள்ளே ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கர், பெயர் எதுவும் இல்லை. மேதை தன் கிடாரைச் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. 'ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல் வந்தது. கம்பியில் கை வைத்தான், இரைச்சல் நின்றது. கையை எடுத்தான், மறுபடி வந்தது. கிடார் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மனிதக் கை கம்பியில் பட்டால் எர்த் ஆகி இரைச்சல் அடங்கும். அதைப்பற்றி அவன் யோசிக்கக்கூட இல்லை.

வாசித்தான். நாலு ஸ்வரம்தான். உடம்பு சிலிர்த்துவிட்டது. அவன் மனசுக்குள்ளேயே வைத்திருந்த சத்தம் வெளியே வந்து எதிரில் நின்றது.

விலையைச் சொன்னதும் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இவ்ளோதானா? என்ன கோளாறு இதுல?"

"கோளாறு ஒண்ணுமில்ல சார். வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்துடுறாங்க. வாசிக்கவிடலைங்கிறாங்க."

"வாசிக்கத் தெரியாதவன் வேற என்ன சொல்லுவான்?"

கடைக்காரம்மா சிரிக்கவில்லை. "ஒரு கிடார் மாஸ்டரோடது இது. இறந்துட்டாரு. எப்பவும் கையில தைலம் தடவிக்கிட்டே இருப்பாராம், அந்த வாசனை இன்னும் இதைவிட்டுப் போகமாட்டேங்குது. பாடம் நடத்தும்போது பேசவே மாட்டாராம். தப்பா வாசிச்சா கம்பி மேல உள்ளங்கையை வெச்சு அமுக்கிடுவாராம். அவ்ளோதான், அதுக்குமேல வாசிக்கமுடியாது. எத்தனையோ பேர் கிடாரையே விட்டுட்டாங்களாம் அவரால."

"விடவேண்டியவங்கதான் விட்டிருப்பாங்க." மேதைக்கு முதல்முறையாக ஒரு மனிதர்மேல் மரியாதை வந்தது. "அப்படி ஒரு ஆள் இன்னைக்கு இல்லாததாலதான் கண்டவனெல்லாம் மேடை ஏறுறான். அவரையும் சேர்த்து என் வீட்டுக்கு அனுப்பிவைங்கம்மா. ரெண்டு பேருமா உக்காந்து பாடம் நடத்துறோம்."

கடைக்காரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

"சார், அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க."

போதாத நேரம் என்பது இதுதான். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

ஆம்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அன்று மத்தியானம் அவனுடைய ஒரே உருப்படியான மாணவி பாடத்துக்கு வந்தாள். பல் டாக்டர், ஐம்பது வயதிருக்கும். பாடம் நடக்கிற அறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று ஜன்னலைக் கம்பளியால் மூடி வைத்திருந்தான். மின்விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரியும் ஒன்றுதான் அங்கே. புது ஆம்பின் சூடேறிய தூசி வாசனை அறையில் நிறைந்திருந்தது, அதோடு தைலமும்.

டாக்டர் ஒரு கார்ட், பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிடி, மாற்றும்போது விரல் தவறியது. மேதை நாக்கை "ச்சு" என்று தட்டினான். தன் உள்ளங்கையை அவள் கம்பிகள்மேல் பரப்பி அமுக்கினான். சத்தம் செத்தது. அவன் பாடம் நடத்துகிற முறையே அதுதான்.

"வாயால சொன்னா கேட்டுக்கமாட்டேனா சார்? நான் பல்லு புடுங்கும்போதுகூட சொல்லிட்டுத்தான் புடுங்குறேன்" என்றாள் டாக்டர்.

"காது இருந்தா சொல்லவே வேண்டாம் டாக்டர்."

அவள் போனபிறகு, கிடாரை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனான். ஆம்பை அணைக்கவில்லை. 'ம்ம்ம்' என்ற இரைச்சல் சுவரைத் தாண்டி அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனான்.

இரைச்சல் நின்றது.

வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, பின்னறைக்குப் போனான். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிடார் ஸ்டாண்டில் இருந்தது. கம்பிகளின் பக்கத்தில் யாரும் இல்லை.

பிறகு, கையை எடுத்ததுபோல, இரைச்சல் மறுபடி தொடங்கியது.

"வயர் கோளாறு" என்று மேதை உரக்கச் சொன்னான். யாரிடம் சொன்னானோ. வயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினான். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவான ஒரு மெட்டை வாசித்தான். அற்புதமாக வந்தது. பயம் பறந்துபோனது. உடனே பழைய கொழுப்பு ஏறியது. கேட்கிறவர்களை வாய்பிளக்க வைப்பதற்கென்றே அவன் வைத்திருக்கும் ஒரு வேகமான வித்தை உண்டு, மேலிருந்து கீழே விரல்கள் தடதடவென்று இறங்கும். அதை எடுத்தான்.

பாதியில் கம்பிகள் செத்தன.

ஆம்ப் நிற்கவில்லை, வயர் கழலவில்லை. அவன் விரலுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு கனம் ஆறு கம்பிகள்மேலும் படிந்திருந்தது. ஜில்லென்று இருந்தது. தைல வாசனை குப்பென்று அடித்தது. ஸ்பீக்கரின் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ச்சு."

மேதை பயந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் சட்டையைப் பிடிப்பான். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக் கதவைத் திறந்துபோட்டுத்தான் வாசித்தான், அதுவும் மனைவி வீட்டில் இருக்கும்போது மட்டும். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. கொடுத்துவிட்டு வேறு எதை வாங்குவது? தகர டப்பா வண்டையா? அதோடு, மெதுவாக அடக்கமாக வாசித்தால் அது ஒன்றும் செய்யவில்லை. சனிக்கிழமை ஒருநாள் ஒப்பேற்றிவிட்டால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை ஓட்டலில் அவனோடு பேஸ் வாசிக்க மச்சினன் வந்திருந்தான். மனைவியின் தம்பி, சாது, ஆளைவிடப் பெரிய வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மூலையில் நிற்பான். மேனேஜர் எதிர்மேசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். "ரொம்ப ஒண்ணும் வேணாம், சாப்பிடுறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா சரி" என்றார்.

தொந்தரவாம்! மேதை பொறுத்துக்கொண்டான். மெட்டைத் தொடங்கினான். அந்தச் சத்தம் விளக்குகளுக்கு அடியில் மிதந்து போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். மேனேஜரே போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் காலால் தாளம் போடத் தொடங்கினார். வேலை கிடைத்துவிட்டது. டைல்ஸ் கடை ஒழிந்தது. அத்தோடு அவன் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

மேனேஜரின் கால் தாளத்தைத் தவறவிட்டது. மேதை அதைப் பார்த்தான். உதடு கோணியது. தன்னை அறியாமல் நாக்கைத் தட்டினான்.

"ச்சு."

ஸ்பீக்கரிலிருந்து பதில் வந்தது.

"ச்சு."

கம்பிகள் செத்தன. இந்தமுறை அவன் அதை முழுசாக உணர்ந்தான். விரிந்த உள்ளங்கை. அதன் ஓரம், சுண்டுவிரல் பக்கம், அவன் கைமேல் பட்டுக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது, தைலத்தின் பிசுபிசுப்பு இருந்தது. அவன் மீட்டினான், மீட்டினான், கட்டையைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. மச்சினனின் பேஸ் மட்டும் தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"மாமா, என்ன ஆச்சு? வாசிங்க" என்று மச்சினன் கிசுகிசுத்தான்.

இத்தனை வருஷத்தில் யாரிடமும் கெஞ்சாதவன், தலையைக் குனிந்துகொண்டு தன் கிடாரைப் பார்த்துக் கெஞ்சினான்.

"விட்டுடுங்க மாஸ்டர். இன்னைக்கு மட்டும். என் பொழப்பு இது."

கை நகரவில்லை.

எழுந்து வந்த மேனேஜர் அவனைப் பார்க்கக்கூட இல்லை. மச்சினனிடம், "தம்பி, நீங்க மட்டும் வாசிச்சா போதுமே, நல்லாத்தான் இருக்கு" என்றார். மச்சினன் திருதிருவென்று விழித்தான். பிறகு தலையாட்டினான். பாவம், அவனுக்கும் வயிறு இருக்கிறதே.

மறுநாளே மேதை ஆம்பைச் சுமந்துகொண்டு அந்தப் படிகளில் இறங்கினான். கடைக்காரம்மா ஆம்பை வாங்கி மூலையில் வைத்தாள். துணியைப் போர்த்தப்போனவள் குனிந்து மோந்து பார்த்தாள். இன்னொருமுறை மோந்து பார்த்தாள்.

"என்ன சார் பண்ணீங்க? இத்தனை வருஷமா போகாத தைல வாசனை சுத்தமா போயிடுச்சே!"

மேதை கொடுத்த காசைக்கூடத் திருப்பி வாங்காமல் படியேறிவிட்டான்.

இப்போது அவன் டைல்ஸ் கடையில் உட்காருகிறான். வழவழப்பா, சொரசொரப்பா என்று கேட்கிறான். வாடிக்கையாளர்களின் ரசனையைப் பற்றி அவனுக்கு இன்னும் அபிப்பிராயங்கள் உண்டு, வெளியே சொல்வதில்லை. மாணவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள், பல் டாக்டரைத் தவிர. அவள் எதையும் பாதியில் விடுகிற ரகம் இல்லை. அவளிடம், "இனிமே கம்பி மேல கை வெக்கமாட்டேன் டாக்டர். வாயாலயே சொல்றேன்" என்று சொல்லியும்விட்டான். சொன்னபோது அவன் குரல் உடைந்தது. டாக்டருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

அடுத்த பாடத்துக்கு அவள் தன் சொந்த ஆம்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவன் தகர டப்பா வண்டு என்று திட்டிய அதே குட்டி ஆம்ப். மேதை வாயைத் திறக்கவில்லை. அது தன் பங்குக்கு 'ம்ம்ம்' என்று இரைந்தது. அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் கை தானாக எழுந்து போய்விடக்கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் கார்ட் பிடிக்கும் இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டே வாசித்தாள். அதே கார்ட், அதே இடம். விரல் தவறியது. மேதைக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான். போகட்டும், வாசிக்கட்டும், பாவம். அவள் தப்போடு தப்பாக மேலே போனாள். அவனுக்கு அது அவ்வளவு மோசமாகக்கூடத் தெரியவில்லை.

சத்தம் நின்றது.

டாக்டர் இடது கையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அலுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, மறுபடியும் வெச்சிட்டீங்களே! வாயால சொல்றேன்னு சொன்னீங்கல்ல?" மூக்கை உறிஞ்சினாள். "தலைவலியா சார்? தைலம் தடவியிருக்கீங்களா? உங்க கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?"

மேதை குனிந்து தன் மடியைப் பார்த்தான். அவனுடைய கைகள் இரண்டும் அவன் தொடைக்கு அடியில்தான் இருந்தன.