மூடி போட்ட காபி

செத்தவனின் காபி இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

தினமும் விடிந்ததும் துகிஜோவின் மனைவி எந்தா அந்தக் கண்ணாடித் தம்ளரைத் தகர மூடியால் மூடி, அலமாரியில் தன் முதல் கணவன் பிரமோனோவின் கறுப்புத் தொப்பிக்குப் பக்கத்தில் வைப்பாள். அந்தி பாங்கு சொன்ன பிறகு செடிக்கு ஊற்றுவாள். அதுவரை யாரும் தொடுவதில்லை. அவனுக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும் துகிஜோவுக்கு ஒன்று. "உங்களுக்கு சுகர் வந்துடும், மஸ்" என்பாள், ஜாவாவில் புருஷனைக் கூப்பிடும் சொல்லால். அவனுக்கு இனிமேல் வராது, நியாயம்தான். ஆனாலும் செத்தவனோடு சர்க்கரைக்குப் போட்டி போடுகிற புருஷன் பந்துல் மாவட்டத்திலேயே தான் ஒருவன்தான் இருக்கும் என்று நினைத்தபடி, துகிஜோ சரிந்த மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் பிரமோனோ இறந்த ஆயிரமாவது நாள் சடங்கு. வருகிறவர்களுக்கு ஓதக் கொடுக்கும் யாசின் புத்தகத்தின் அட்டையில் அவன் படம் வர வேண்டும். நல்ல படம் ஒன்றே ஒன்று, அவனுடைய பழைய லேப்டாப்பில். அது மாதக்கணக்காகத் திறக்கவில்லை. இன்று மாலைக்குள் அச்சகத்தில் படத்தைக் கொடுத்தாக வேண்டும். லினக்ஸைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கிளப்பினால் படத்தை எடுத்துவிடலாம் என்று கணினிக் கடை குனாடி சொன்னதை நம்பி, துகிஜோ மார்தட்டிவிட்டான். சந்தைக்குக் கிளம்பிய எந்தா சிரித்தாள்.

"அவர் இருந்தா பத்து நிமிஷத்துல முடிச்சிருப்பார்."

கேலிதான். அவள் போய்விட்டாள், முள் இவனிடம் தங்கிவிட்டது.

பென்டிரைவைச் செருகி அமுக்கினான். கறுப்புத் திரை. கிளப்புவதற்கு எதுவும் இல்லை என்று ஒரு வெள்ளை வரி. மறுபடி அமுக்கினான். அதே வரி. குனாடியைக் கூப்பிட்டான்.

"பென்டிரைவ்ல எப்படிப் போட்ட, ஜோ?"

"எப்படின்னா? டவுன்லோட் ஆன ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டேன்."

குனாடி சிரித்து முடிக்கும்வரை ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. "அடேய், அரிசி மூட்டையை மேசையில வச்சுட்டு சோறு எங்கன்னு கேக்குற! அதை எழுதறதுக்குன்னே ஒரு புரோகிராம் இருக்கு, அனுப்பறேன். கேளு, கிளம்பினதும் ரெண்டு வழி காட்டும். 'முயன்று பார்' மட்டும் தொடு. 'அழித்து நிறுவு' பக்கமே போகாத. போனா உள்ள இருக்கறது எல்லாம் போச்சு."

"பிரமோனோவுக்கு இதெல்லாம்..."

"தூக்கத்துலயே பண்ணுவான்ப்பா."

வாசல் அறையில், துகிஜோவின் ரீசார்ஜ் கடைக் கணினி பென்டிரைவில் எழுதத் தொடங்கியது. இருபது நிமிடம் ஆகுமாம். துகிஜோ உள்ளே வந்து அலமாரி முன் நின்றான். மூடியை எடுத்தான். குடித்தான். ஒரே மூச்சில், அடிக் கசடுவரை.

இனித்தது. சுட்டது.

விடியற்காலையில் வைத்த காபி.

இந்த முறை லேப்டாப் உடனே கிளம்பியது. அதன் காற்றாடி உறுமி, தூசியும் பழைய சூடும் கலந்த மூச்சை அவன் முகத்தில் விட்டபோது, அதோடு கிராம்புச் சிகரெட் வாசனையும் வந்தது. துகிஜோ புகைப்பதில்லை, இந்த வீட்டில் புகைத்தவன் மண்ணுக்குள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. திரையில் இரண்டு வழிகள். முயன்று பார். அழித்து நிறுவு.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது என்று சொல்லிவிடலாம். எந்தா இரண்டு நாள் அழுவாள். அட்டையில் வெறும் பூ போட்டுக்கொள்ளலாம். மூன்றாம் நாள் காலையில் யாருக்கு இரண்டு கரண்டி?

அழித்து நிறுவு.

நீலப் பட்டை நகர்ந்தது. பத்து. முப்பது. விரல் நுனி மரத்தது. அறுபது. மழைச் சத்தம் நின்றது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தொண்ணூறு. மூக்குக்கண்ணாடியை ஏற்றக் கை தூக்கினான். மூக்குக்கண்ணாடி இல்லை. கையும்.

நூறு. பென்டிரைவை எடுக்கச் சொன்னது திரை.

யாரோ எடுத்தார்கள்.

மேசை ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது? நாற்காலியில் ஒரு முதுகு. தலையில் கறுப்புத் தொப்பி. புகை.

பாங்கு கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை.

"படம் கிடைச்சுதா, மஸ்?"

"பத்தே நிமிஷம்" என்றது முதுகு.

எந்தா திரையைக் குனிந்து பார்த்தாள். அதில் துகிஜோ. சரிந்த மூக்குக்கண்ணாடி, உதட்டில் காபிக் கசடு. அவள் முக்காட்டு நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பாவம், இதுதான் அவரோட நல்ல படம்."

எந்தா! அவன் கத்தினான். அலமாரியில் எதுவும் அசையவில்லை.

அடுக்களையில் கரண்டி ஒரு முறை மட்டும் தம்ளரில் தட்டியது. அவள் தம்ளரோடு வந்தாள், அவனை நோக்கி, அவனுக்கு அப்பால் பார்த்தபடி. மடித்து வைத்திருந்த அவன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரு கரண்டிதான் போட்டிருக்கேன், மஸ்" என்றாள் மெதுவாக.

மேலிருந்து தகர மூடி இறங்கியது.