தலைமாட்டு ஸ்டூல்

மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகும் சந்தில் இருந்தது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. மதியம், அன்றைய ஆபரேஷன்கள் முடிந்த பிறகு, இருதயராஜ் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பம்ப்பும் சில குழாய்களும். ஆபரேஷன் தியேட்டரில் கசிகிற மயக்க வாயுவை உறிஞ்சி மொட்டைமாடிக்கு மேலே தள்ளிவிடும் பம்ப் அது.

வாங்கியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தவள் நஸ்ரின். மேலப்பாளையத்துப் பெண், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்க மருந்து மெஷினைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இப்போது வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டும் தங்கவில்லை. பழைய மெஷினில் கசியும் அந்த இனிப்பு நெடிதான் காரணம் என்று அவள் நம்பினாள்.

"இன்னைக்கே மாட்டிருவீகளாண்ணே?"

"ஹவ்மா, முடிச்சிட்டுத்தான் போவேன். உக்காரு. எதுக்கு இப்படி நடந்துட்டே இருக்கே?"

அவள் உட்காரவில்லை. காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் ஒரு சக்கர ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. குழாய்க்கு இடம்வேண்டி இருதயராஜ் அதைத் தள்ளினார். நகரவில்லை. சக்கரங்களில் எண்ணெய் பளபளத்தது, ஆனாலும் நகரவில்லை.

நர்ஸ் ஸ்மிதா கதவருகே நின்றபடி, "நக்கோ அண்ணா, தள்ளாதீங்க, அது மைதிலி அக்காது," என்றாள்.

நஸ்ரினுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள் மைதிலி. வருஷக்கணக்காக அந்த நெடியைச் சுவாசித்தவள். பெற்றது ஒன்றும் பிழைக்கவில்லை. ஒரு மதியம் அதே ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து தூங்கினாள். பிறகு எழுந்திருக்கவில்லை. இதையெல்லாம் ஸ்மிதா பாதி தெலுங்கில், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை.

மாடிவரை குழாயை ஓட்டிவிட்டு வந்து, இருதயராஜ் சுவரில் வாயு வால்வுகளை மூடினார். மெஷினின் கரண்டைப் பிடுங்கினார். மிச்சக் கசிவு இருக்கிறதா என்று மீட்டரை எடுத்தார். மயக்க வாயு கனமானது, தரையில்தான் படியும். தரையில் பூஜ்யம். மெஷின் அருகே பூஜ்யம்.

ஸ்டூலுக்கு மேலே, உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்தில், எண் ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது.

மெஷினில் தொங்கிய ரப்பர் பை, வாயு எதுவும் வராமலே, அதே தாளத்தில் உப்பி அடங்கியது. நீங்கள் இப்போதே பயந்துவிட வேண்டாம். அவரும் இன்னும் பயப்படவில்லை. எங்கோ ஓட்டை என்றுதான் நினைத்தார்.

நஸ்ரின் ஜன்னல் பக்கம் நடந்தாள். ஸ்டூலின் மேலே எண் செத்துப்போனது. மீட்டரை அறை முழுக்கத் துழாவினார். கிடைத்தது.

அவள் தோளுக்குப் பின்னால்.

அவள் நடந்தாள். அதுவும் நடந்தது.

"அசையாம நில்லும்மா," என்றார் அடிக்குரலில்.

அவள் திரும்பவில்லை. "எம் பின்னால நிக்காளாண்ணே? ரெண்டு தடவையும் இப்படித்தான் நின்னா. நெடி கழுத்துல வந்து படும். மறுநா எல்லாம் போயிரும்." குரல் உடைந்தது. "பம்ப்பப் போடுங்கண்ணே."

கடைசி இணைப்பை முறுக்கிப் போட்டார்.

பம்ப் உறுமியது. அறையில் இனிப்பு நெடி ஒரு கணம் தொண்டையை அடைக்கும் அளவு திரண்டு, பிறகு நூலாக இளைத்து, இல்லாமல் போனது. ரப்பர் பை சுருங்கித் தொங்கியது. மீட்டரில் எங்கும் பூஜ்யம். ஸ்மிதா தைரியம் வந்து உள்ளே நுழைந்து ஸ்டூலைக் காலால் தட்டினாள். அது விர்ரென்று சுவர்வரை உருண்டது. மூவரும் சிரித்தார்கள்.

இருதயராஜ் மாடிக்கு ஏறினார். உறிஞ்சியதெல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். குழாயின் வாயில் கையை வைத்தார். காற்று நன்றாகவே வந்தது. மீட்டரை வைத்தார்.

பூஜ்யம்.

கொடியில் படுக்கை விரிப்புகள் படபடத்தன. நின்று பார்த்தார். அப்போதும் பூஜ்யம்தான்.

குழாய்க்குள் அது போயிருக்கவே இல்லை.

இறங்கி வந்தபோது நஸ்ரின் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கை வயிற்றின் மேல். காலையிலிருந்து இல்லாத அமைதி முகத்தில்.

"காலையிலேருந்து அசையவே இல்லண்ணே, உசுரே போச்சு. இப்பதான் அசையுது. யாரோ இடம் பாத்துப் படுக்கிற மாதிரி." சிரித்தாள். "இங்கயும் ஒருக்கா வச்சுப் பாருங்களேன்."

முகத்தருகே வைத்தார். பூஜ்யம். மீட்டரைத் தாழ்த்தினார். அவள் கைக்கு நேரே வந்ததும் எண் ஏறியது. இறங்கியது. இப்போது வேகமாக, சின்னச் சின்னதாக, பச்சைப்பிள்ளை மூச்சு விடுவதுபோல.

"சுத்தந்தானேண்ணே?"

மீட்டரை உள்ளங்கைக்குள் திருப்பிக்கொண்டார்.

"சுத்தம்மா."

சந்துக்கு வந்ததும் மீட்டரை அணைத்தார். பேட்டரியையும் கழற்றினார். பள்ளிக்கூடம் விட்டிருந்தது, பிள்ளைகள் இரைச்சலாக அவரைக் கடந்து ஓடினார்கள்.

கையிலிருந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டிருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது.