மழையை நிறுத்துவது யார்

முதல் மணி அடித்ததும் அமுதவாணியின் காதுகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வலது காதில் பல்கலைக்கழகப் பேராசிரியர் நம்பிராஜன். இடது காதில் பள்ளியின் மூத்த ஆசிரியை எஸ்தர்.

நிலவுக் குடியிருப்பில் ஆசிரியப் பயிற்சி இப்படித்தான். பள்ளியும் பல்கலைக்கழகமும் கைகோத்துக் கொண்டுவந்த திட்டம். பயிற்சி ஆசிரியையின் தோலுக்கடியில் பதித்த செவித்துணை வழியாக இரு தரப்பும் வகுப்பைக் கேட்கும், உடனுக்குடன் திருத்தும். சொன்னதை மீறினால் கழுத்தில் ஊசி குத்தியதுபோல் சுரீரென்று இழுக்கும். இருவரும் ஒருமனதாகச் சரியென்று சொல்லும்வரை செவித்துணையை அகற்ற முடியாது. ஓராண்டு என்றுதான் சேர்த்தார்கள். அமுதவாணிக்கு இது மூன்றாம் ஆண்டு.

அன்றைய பாடம் மழை. வகுப்பில் யாரும் மழையைப் பார்த்ததில்லை. நிலவிலேயே பிறந்த அமுதவாணியும்தான்.

முன்வரிசை ரெஹானா எழுந்தாள். "மிஸ், மழை பெய்ய ஆரம்பிச்சா அதை யாரு நிறுத்துவாங்க?"

கேள்வி அமுதவாணிக்குப் பிடித்துப்போயிற்று. வாயைத் திறந்தாள்.

"பதில் சொல்லிடாதீங்க. கேள்வியை வகுப்புக்கே திருப்பிவிடுங்க," என்றார் நம்பிராஜன்.

"அதெல்லாம் வேண்டாம்மா. இன்னிக்குப் பாடம் முடிஞ்சாகணும்," என்றார் எஸ்தர்.

யார் பேச்சைக் கேட்டாலும் ஒரு குத்து நிச்சயம். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ரெஹானா சற்றுநேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை.

மறுவாரம் சூரியப் புயல் அடித்து வானலைத் தொடர்பு அறுந்தது. பாடத்தின் நடுவில் இரண்டு காதுகளும் அடங்கிப்போயின. அமுதவாணிக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. பாடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ரெஹானா, அன்னிக்கு மழையைப் பத்திக் கேட்டியே. அது எப்படி நிக்கும்னு எனக்கும் தெரியாதும்மா. நான் நனைஞ்சதே இல்ல. எல்லாருமா சேர்ந்து யோசிக்கலாமா? என்ன வேணா கேளுங்க."

பிள்ளைகள் அவளையே பார்த்தார்கள். கடைசியில் ரெஹானாவின் கை மெல்ல உயர்ந்தது.

"மிஸ், இது பரீட்சைக்கு வருமா?"

அவள் விரல்கள் தாமாகவே காதுக்குப் பின்னால் தடவின. எந்தக் காதிலும் யாரும் இல்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"வரும்," என்றாள்.

எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. 'எனக்கும் தெரியாது' என்று பிழையில்லாமல் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்கள்.