ஷெவெலின் வலது பக்கம்

டிக்கெட் ஏற்கெனவே இருக்கையில் கிடந்தது.

வாமதேவன் இன்னும் இயந்திரத்தின் பக்கம் கையை நீட்டவே இல்லை. இல்ஃபோர்ட்டின் அந்த மாடிக் கார்த் தரிப்பிடத்திலும், இங்கிலாந்தில் எல்லா இடத்தையும் போல, டிக்கெட் இயந்திரம் வலது பக்கம்தான் நின்றது. அவருடைய 1970 ஷெவெல் அமெரிக்கக் கார். ஸ்டியரிங் இடது பக்கம். தனியாக வரும்போதெல்லாம் முன்பக்கத்து நீள இருக்கையில் வழுக்கிக்கொண்டே வலது ஓரத்துக்குப் போய், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கி, அரை உடம்பை வெளியே தொங்கவிட்டுத்தான் டிக்கெட்டை இழுப்பார். பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான். இன்று அவர் அசையும் முன்பே தடுப்புக் கம்பு உயர்ந்துவிட்டது. வலது கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இருக்கையில் டிக்கெட். கொஞ்சம் ஈரமாக.

பயத்தையும் பேரம் பேசிக் குறைக்கலாம் என்று நம்புகிற வியாபாரக் குடும்பம் அவருடையது. டிக்கெட் முன்னால் போனவன் எடுக்காமல் விட்டது, காற்று கொண்டுவந்து போட்டது. கண்ணாடி பழசு, பல்சக்கரம் தேய்ந்து தானாக இறங்கியிருக்கும். ஈரமா? டிசம்பரில் லண்டனில் எதுதான் ஈரமில்லை? மூன்று காரணங்களையும் அடுக்கிப் பயத்தைப் பாதி விலைக்கு இறக்கியபின் மேல் மாடிக்கு ஏறினார்.

ஜேர்மனியில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் இடது ஸ்டியரிங் அவருக்குக் கைப்பழக்கம். குட்மேய்ஸில் தமிழ்க் கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுவது தொழில். இப்போதைய மாப்பிள்ளைமாருக்கு வழுக்கிக்கொண்டு வருகிற வெள்ளைக் கார் பிடிப்பதில்லை. பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்கக் கார் வேண்டும், அது உறும வேண்டும், மண்டப வாசலில் நிற்கும் மாமன்மாரின் பல்செட் ஆட வேண்டும். ஓடுகிற காரைவிட உறுமுகிற காருக்குத்தான் வாடகை அதிகம் என்பதை லண்டனில் முதலில் மோப்பம் பிடித்தவர் வாமதேவன்.

காரைக் கென்ட்டில் ஒரு கிழவியிடம் வாங்கினார். அமெரிக்காவில் ஓகையோவிலிருந்து கப்பலில் இறக்குவித்த அவளுடைய கணவன் இப்போது இல்லை. கராஜ் கதவைத் திறந்தபோது வலது இருக்கையில் ஒரு மணல் மூட்டை இருந்தது. அதற்கு இடுப்புப் பெல்ட் வேறு போட்டிருந்தார்கள்.

“அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பார் என் கணவர்” என்றாள் கிழவி.

வாமதேவன் அதைக் காதால் கேட்கவில்லை, கல்லாவால் கேட்டார். மூட்டையின் பாரத்தில் இருக்கை பள்ளம் விழுந்துவிட்டது என்று ஒரு குறை கண்டுபிடித்தார். தன் விலையைச் சொல்லிவிட்டு எஞ்சின் மூடியைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். பேரத்தில் அடுத்து வாய் திறப்பவன் தோற்றான். கிழவிதான் திறந்தாள். மூட்டையை வருகிற வழியிலேயே கவுன்சில் குப்பைக் கிடங்கில் எறிந்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு ரொம்ஃபோர்ட் பக்கம் அமெரிக்கக் கார்க்காரர்கள் கூடினார்கள். எஞ்சின் மூடிகள் திறந்திருக்க, நரைத்த குடுமிக்காரர்கள் அடுத்தவன் எஞ்சினுக்குள் டாக்டர்களைப் போலக் குனிந்து நின்றார்கள். பெற்றோல் மணமும் வெங்காயம் பொரியும் மணமும். ஒருவர் ஷெவெலைச் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார். பிறகு வலது கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் நண்பர் இறங்க மாட்டாரா? குளிரப் போகிறதே” என்றார்.

வெள்ளைக்காரரின் பகிடி என்று வாமதேவனும் சிரித்து வைத்தார்.

இன்று மகள் கோசிகாவின் பிறந்தநாள். அவளுக்கு வால்தம்ஸ்டோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வேலை முடிந்ததும் ஷெவெலில்தான் வந்து ஏற்ற வேண்டும் என்று காலையிலேயே உத்தரவு. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மேல் மாடியில் காரை விட்டுப்போய்க் கேக் வாங்கிவந்து பெட்டியை வலது இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினார். காரைச் சுற்றிவந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்தபோது கேக் பெட்டி பின் இருக்கையில் இருந்தது. சாயாமல், நாடாகூடக் கலையாமல், யாரோ தான் இருப்பதற்காக மரியாதையாக எடுத்து வைத்த மாதிரி.

அவர் தன் இடத்தில் ஏறி இருந்தார். அந்த நீள இருக்கைக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே மெத்தை, ஒரே வரிசை ஸ்பிரிங். ஒரு முனையில் யாராவது அசைந்தால் மறுமுனையில் இருப்பவரின் உடம்புக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் ஏறி, மழைத்தூறலில் சிவப்பு லைற்றுகள் கண்ணாடியில் கரைந்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினின் அடிவயிற்று உறுமலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவருக்குக் கீழே மெத்தை மெல்ல உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. நெடும்பயணத்தில் கால் மரத்த ஒருவர் பக்கம் மாறி இருப்பதைப் போல. ஈரக் கம்பளியும் பழைய சிகரெட்டும் கலந்த ஒரு வாடை. வாமதேவன் சிகரெட் தொட்டதில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. போனில் மகளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, இண்டைக்கு ட்ரெயினில வாறியே?”

“வாட்? ஏனப்பா?”

“காரில ஒரு சின்னப் பிழை.”

“நோ வே. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். எங்கட கடை றஜீனா வீடியோ எடுக்கவெண்டு போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.”

“அப்ப பின் சீற்றில ஏறு.”

“பேர்த்டே கேர்ள் பின் சீற்றிலயோ? நீங்கள் என்ன, டாக்ஸியே ஓடுறியள்?” சிரித்தாள். “முன்னுக்குத்தான் இருப்பன். கெதியா வாங்கோ அப்பா, குளிருது.”

வைத்துவிட்டாள். அவள் சிரிப்பு அடங்கியும் வலது பக்கத்தில் ஒரு மூச்சு தொடர்ந்தது.

இப்போதுதான் ஓரக்கண்ணால் பார்த்தார். யாரும் இல்லை. மெத்தையில் ஒரு பள்ளம் மட்டும். மணல் மூட்டையின் பள்ளம் அல்ல. இரண்டு தொடைகளின் பள்ளம்.

இறங்கி ஓடலாம். ஆனால் மூன்று வரிசை வாகனங்களுக்கு நடுவில் எங்கே இறங்குவது? அவர் இறங்கிவிட்டால் இது யாருடைய கையில்?

“உனக்கு என்ன வேணும்?” என்றார்.

சொன்னபிறகுதான் உறைத்தது. வாயைத் திறந்தது அவர்.

துடைப்பான் கண்ணாடியில் தேய்ந்தது.

“லூயிஷாம் சிவன் கோயில்ல பூசை செய்விக்கிறன்.”

பள்ளம் அசையவில்லை.

“காரைக் கிழவியிட்டயே கொண்டுபோய் விடுறன். சும்மா. ஒண்டும் கேக்கமாட்டன்.”

பள்ளம் நகர்ந்தது. ஒரு சாண். அவர் பக்கம்.

“புது மூட்டை வைக்கிறன். பெரிசா.” தன் குரல் தனக்கே கேட்கச் சகிக்கவில்லை. கடை பூட்டும் நேரத்து வியாபாரியின் குரல். எத்தனையோ பேரை இதே மௌனத்தால் வியர்க்க வைத்தவர். இப்போது டிசம்பரில் சட்டை முதுகோடு ஒட்டியது.

இன்னொரு சாண். குளிர் தொடையில் பட்டது.

கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. கீழே இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் பலூன். கோசிகா.

“அவளைத் தொடாதை.” அழுதுகொண்டிருந்தார். “அவளை விடு. வேணுமெண்டால் என்ர இடத்தை எடு. என்ர இடத்தை எடு.”

மெத்தை ஒரு முறை பெருமூச்சு விட்டது.

பள்ளம் மறைந்தது. வாடை இல்லை. குளிர் இல்லை. வாமதேவன் கண்ணை மூடி, சிவனே என்று தலையைச் சாய்த்தார். கார் ஓரங்கட்டி நின்றது. ஒரு கை கியர்த் தண்டை மேலே தள்ளியது. நடுவிரலில் அவருடைய மோதிரம். மணிக்கட்டில் அவருடைய எஞ்சின் சூட்டுத் தழும்பு.

அந்தக் கையை அவர் வலது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தினார். சத்தம் வரவில்லை. மடியைப் பார்த்தார். மெத்தைதான் தெரிந்தது. ஸ்டியரிங்கின் பின்னால் அவருடைய முகம், அவருடைய மீசை, தெருவையே பார்த்தபடி.

கோசிகா முன் லைற்றின் வெளிச்சத்துக்குள் கையசைத்தபடி சுற்றி வந்தாள். அவர் இருந்த வலது பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவர் அவளைத் தள்ளினார். இரண்டு கையாலும் தள்ளினார். அவள் பலூனைப் பின்னால் எறிந்துவிட்டு அவர்மேல் இருந்தாள். இடுப்புப் பெல்ட்டை அவருடைய வயிற்றினூடாக இழுத்துப் பூட்டினாள்.

“ஹாய் அப்பா. ஐயோ, சீற் எவ்வளவு சூடு!”

“ஓம் பிள்ளை” என்றது அவருடைய குரல்.

கார் புறப்பட்டது. நடுக்கோட்டைத் தாண்டியது. திரும்பி வரவில்லை. ஹோ ஸ்ட்ரீட்டின் வலது பக்கத்தில், ஓகையோவில் தன் ஊர்த் தெருவில் போகிறவரைப் போல, அலுங்காமல் ஓடத் தொடங்கியது. தூரத்தில் ஒரு டபுள் டெக்கரின் இரண்டு விளக்குகள், நேராக. ஸ்டியரிங்கின் பின்னால் இருந்தவரின் கால் எஞ்சினை உறுமவிட்டது.

கோசிகா போனைக் குனிந்து பார்த்து, வந்திருந்த வாழ்த்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். திரையின் வெளிச்சம் முகத்தில். சிரித்தாள். நிமிரவில்லை.